இல்லை என்பதற்கான படிவம்

வாஷிங்டனில் உள்ள வரைபடத்தில்
எங்கள் பள்ளத்தாக்கு நீலம்.
நீலமென்றால் இணையம் உண்டு என்று பொருள்,
அகலமாக, வேகமாக, வீடுதோறும்.

பொய்யில்லை, ஒரு வீட்டில் உண்டு.
பள்ளத்தாக்கின் வாயில்,
மர அறுவை ஆலைக்காரர் கெர்மிட் பிளெவின்ஸ் வீட்டில்.
குடம் பாலில் துளி நீலம் விட்டதுபோல
அவர் வீட்டுக் கம்பி
எங்கள் எல்லோரையும் நிறம் மாற்றிவிட்டது.

அவருக்குப் பின்னால், ஓடை வளைகிற இடமெல்லாம்
பதினோரு தபால் பெட்டிகள்.
பத்தொன்பது ஆண்டுகளாக அவற்றின் வாயைத்
திறந்து மூடுகிறவள் நான்.
எதன் கீல் துருப்பிடித்தது,
எதற்குள் குளவி கூடு கட்டியது,
எல்லாம் தெரியும்.

மறுப்புத் தெரிவிக்கலாம் என்றார்கள்.
இல்லை என்று வாயால் சொன்னால் போதாது,
இல்லாமையை அளந்து காட்ட வேண்டும்,
வீட்டுக்கு மூன்று முறை, தேதியோடு, நேரத்தோடு.
இருப்பவனிடம் ரசீது இருக்கிறது.
இல்லாதவன் எதைக் காட்டுவான்,
கையை விரிப்பதைத் தவிர?

ஆகவே ஏப்ரல் முழுக்க
தபால் கொடுக்கும் சாக்கில் வாசலில் நின்று
பழைய தொலைபேசிக் கம்பி வழியே கசிவதை அளந்தேன்.
வட்டம் சுற்றும். நிற்கும். சுற்றும்.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம் புள்ளி மூன்று.
மூன்று வந்த அன்று மழை விட்டிருந்தது.

ஓர்வல் ஸ்டிதம், நுரையீரலில் நிலக்கரித் தூள்.
மாதம் ஒருமுறை மருத்துவர் திரையில் வருவார்.
இரண்டாம் நிமிடம் சதுரம் சதுரமாக உடைந்து
வாய் திறந்தபடி உறைந்துவிடுவார்.
அணைக்கட்டுமா என்று கேட்டேன்.
'விடு, என்னைப் பார்த்துக்கொண்டாவது இருக்கிறார்'
என்றார், இரண்டு இருமலுக்கு நடுவே.

டூவி காம்ப்ஸின் கிடாரிக்கு நல்ல விலை கேட்டிருந்தார்கள்.
அது அவருக்குத் தெரிந்தபோது
ஏலம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஜூனி, பதினாறு வயது.
தேர்வு எழுத இருபத்தேழு மைல் ஓட்டிப்போய்
பர்கர் கடையின் வாகன நிறுத்தத்தில் உட்காருவாள்.
அவள் அல்ஜீப்ரா நோட்டைத் திறந்தால்
எண்ணெயில் பொரிந்த உருளைக்கிழங்கு வாசம்.

ஹோபர்ட் ராமி மட்டும்
என்னை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினார்.
'மலையைக் குடைந்து கரியைக் கொண்டுபோனார்கள்.
மரத்தைக் கொண்டுபோனார்கள்.
மிச்சத்தை இழுத்துப்போக ஒரு கம்பியா?'
பதில் வரவில்லை எனக்கு.
இப்போதும் வரவில்லை.
அவருடைய கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பத்து வீடு, முப்பது அளவு.
எங்கே அனுப்புவது என்று தாளைத் திருப்பினால்,
இணையத்தில் மட்டுமே ஏற்கப்படும்.

நான் சிரித்த சிரிப்பில்
பின் இருக்கையில் டூவிக்கு வந்திருந்த
கோழிக்குஞ்சுப் பார்சல்
கீச்கீச்சென்று பதறியது.

அன்றிரவு நானும் போனேன்.
ஜூனியின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
அவள் அந்தக் கண்ணாடிக்குள், நான் இந்தக் கண்ணாடிக்குள்,
திரை வெளிச்சத்தில்
நாங்கள் இருவர் மட்டும் உண்மையிலேயே நீலம்.
நள்ளிரவு தாண்டி வந்தது ஒரு சொல்: பெறப்பட்டது.

அக்டோபரில் பதில்.
தாளில், உறையில், முத்திரையோடு.
நானே சுமந்து வந்து
நானே என் பெட்டியில் போட்டு
வேலை நேரம் முடிந்த பிறகு நானே எடுத்துப் பிரித்தேன்.
பத்து வீடுகளின் நிறம் நீக்கப்பட்டது.
பதினோராவது வீட்டுக்குச் சான்று வராததால்
அங்கே இணையம் தொடர்ந்து இருக்கிறது.
ஹோபர்ட்டிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கம்பி வரவில்லை.
எப்போது வரும் என்றும் அதில் எழுதவில்லை.
ஆனாலும் ஓர்வலின் வாசற்படியில் நின்று சொன்னேன்:
'இனி நமக்கு இல்லை. சட்டப்படியே இல்லை.'

மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு
அவர் கேட்டார்:
'எழுதியே கொடுத்துவிட்டார்களா?'