உள்பக்கச் சக்கரம்

பெங்களூர்க்காரர் வண்டியை விற்றபோது
சாவியோடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்:
"இருநூத்தி முப்பது குதிரைங்க மேடம்.
எல்லாத்தையும் முன்னாடியே கட்டியிருக்கு."

சிரித்தேன்.
குதிரையை முன்னாடிதானே கட்டுவார்கள்.

முதல் மழைக்கு வத்தல்மலை ஏறினேன்.
கொண்டை ஊசி வளைவொன்றில்
இரண்டாம் கியரில் மிதித்த மிதிக்கு
ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கியது,
கூட்டத்தில் யாரையோ பார்த்துவிட்ட குழந்தை மாதிரி.
உள்பக்கச் சக்கரம் வெறும் ஈரத்தை அரைத்தது.
ரப்பர் வாசனை.
வண்டி வளையவில்லை.
பள்ளத்தைப் பார்த்து நேராக,
மரியாதையாகப் போனது.

தடுப்புச் சுவரின் வெள்ளைப் பெயின்ட்
இன்னும் என் பம்பரில் இருக்கிறது.

நல்லம்பள்ளியில் இம்தியாஸ்
பம்பரைப் பார்க்கவே இல்லை. டயரைத் தடவினான்.
"எத்தனை காத்து?"
தெரியாது.
"எந்த வருஷத்து டயர்?"
தெரியாது.
"எவ்வளவு பவர்?"
அது தெரியும்.

ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கப் போனான்.

வந்தபின், ஜாக்கியில் தொங்கும் சக்கரத்தைச்
சும்மா சுற்றிவிட்டபடி சொன்னான்:
தரையைத் தொடுவது உள்ளங்கை அகல ரப்பர்.
இழுப்பதும் அதுதான், திருப்புவதும் அதுதான்.
ஒரு வேலைக்கு முழுசும் கொடுத்துட்டா
இன்னொண்ணுக்குக் கையை விரிச்சிடும்.
மேடு ஏறும்போது வண்டி பின்னால சாஞ்சு உக்காரும்.
மூக்கு லேசாயிடும்.
வளைவுல உள்சக்கரம் அதைவிட லேசு.
உன் டிஃப்ரென்ஷியல் சோம்பேறி,
எந்தப் பக்கம் சுளுவா சுத்துதோ
அந்தப் பக்கமே எல்லாத்தையும் கொட்டிடும்.

நான் கேட்க வந்தது பெரிய டர்போ.

கிடைத்தவை: மிருதுவான நாலு டயர்.
காலையில், சூடேறுமுன் அளந்த காற்று.
முன்சக்கரங்களுக்கு ஒன்றரை டிகிரி உள்சாய்வு.
கீழ்க்கைகளுக்குக் கெட்டி புஷ்.
பின்னால் தடித்த ஆன்ட்டி ரோல் பார்
("பின்பக்கம் கொஞ்சம் நழுவச் சம்மதிச்சாத்தான்
மூக்கு உள்ளே வரும்").
நூல் விலை ஏறிய மாதத்தில்
ஒரு லிமிடெட் ஸ்லிப்.
துணியில் சுற்றி வந்தது,
அம்மிக்குழவி கனம்.

ரசீதுகளைக் கூட்டிப் பார்த்த தம்பி சென்றாயன்
"பவர் எவ்வளவு ஏறுச்சு?" என்றான்.
ஏறவில்லை.
"அப்ப எதுக்கு?"
பதில் வைத்திருந்தேன், சொல்ல வரவில்லை.

அன்று பிற்பகல் எங்கள் நூற்பு ஆலையில் கரண்ட் போய் வந்தது.
வெந்நீர்த் தொட்டியில் கூடுகள் மிதக்க
மோட்டார் திடுக்கென்று எழுந்தது,
எட்டு இழையும் பட்பட்டென்று அறுந்தன.
கம்சலா திட்டிக்கொண்டே இழைகளைத் தேடி எடுத்தாள்:
"வேகமா ஓடட்டுமே, யாரு வேணாங்கறா?
வெடுக்குனு ஏன் இழுக்கணும்?"

ஐப்பசியில் மறுபடி அதே வளைவு.
சாலை நனைந்திருந்தது. சுவரில் என் கீறல்.
நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்தேன்.
திருப்பினேன்.
காத்திருந்தேன்.
இதுதான் கஷ்டம்.
இருநூத்தி முப்பதும் காலடியில் முனக
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
பின்புறம் ஓர் அங்குலம் வெளியே நகர்ந்தது,
இடுப்பில் தெரிந்தது.
மூக்கு உள்ளே பார்த்தது.
கையில் ஸ்டீயரிங் தளரத் தளர
மிதியை இழை இழையாக இறக்கினேன்.
எங்கோ கீழே தட்டுகள் இறுகின.
உள்பக்கச் சக்கரம் ஈரத்தை விட்டுவிட்டுச்
சாலையைப் பிடித்தது.
வண்டி தன்னைத்தானே
வளைவுக்குள் இழுத்துக்கொண்டது.

மேலே, பால் கேன்களோடு மாதையன்
டி.வி.எஸ்ஸை ஓரங்கட்டி நின்றிருந்தார்.
கண்ணாடியை இறக்கினேன்.

"வண்டி ரிப்பேருங்களா?" என்றார்.
"போன தடவை மலையே கேக்கற மாதிரி கத்துச்சே."