பிரிபடாத பாகம்

கொட்டிவாக்கம். பங்குனி ஞாயிறு, காலை ஏழரை.
தணிகைவேல் நேராக லிப்டுக்குப் போகிறார்.
"கிச்சன் பாருங்க மேடம், மாடுலர்."
இன்னாசி நகரவில்லை.
பதினோரு வருஷம் சைட்டில் நின்றவன்.
"முதல்ல முதுகைப் பார்ப்போம்" என்கிறான்.

முன்பக்கம் மாம்பழ மஞ்சள்.
பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை.
மூலை திரும்பி ஒரு முழம் போய்
மஞ்சள் நின்றுவிட்டது.
அப்புறம் கறுப்பு.
மழை இறங்கிய வழியெல்லாம் பாசி,
உடைந்த குழாய் முழங்கையின் கீழே
யாரோ அழுது துடைக்காமல் விட்ட மாதிரி.

மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே
தண்ணீர் நின்ற கோடு.
"எந்த வருஷம்?"
"எல்லா வருஷமும் இல்ல மேடம்."

பால்கனியின் அடிவயிற்றில்
சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது.
கடல் இங்கிருந்து எண்ணூறு மீட்டர்.
விளம்பரத்தில் கடற்காற்று என்று போட்டிருந்தார்கள்.
பொய்யில்லை.
அந்தக் காற்றைத் தின்று தின்று
துரு பருத்து
தன்னை மூடியிருந்ததைத் தானே உடைத்து
வெளியே வந்திருக்கிறது.

மூன்றாம் மாடி சன்ஷேடில் ஒரு அரசங்கன்று.
போனில் பெரிதாக்கி எண்ணினேன், ஆறு இலை.
"இதை யார் பிடுங்கணும்?"
"அசோசியேஷன்."
"அசோசியேஷன்னா யாரு?"
"வாங்கிட்டா, நீங்கதான்."

கைப்பையில் பத்திரத்தின் நகல்.
சூப்பர் பில்டப் தொள்ளாயிரத்து எண்பது.
இந்தச் சுவரின் தடிமனுக்கும் காசு,
லிப்ட் ஏறி இறங்கும் வெறுங்குழிக்கும் காசு.
மண்ணில் பிரிபடாத பாகம் நானூற்றுப் பன்னிரண்டு.
எங்கே என்று காலால் கோடு கிழித்துக் காட்ட
யாராலும் ஆகாது.
பதினாறு வீடு.
அரசங்கன்றில் என் பங்கு
அரை இலைக்கும் குறைவு.

இன்னாசி பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துச்
சுவரைத் தட்டுகிறான்.
டக். டக். டக்.
ஒரு அடி தள்ளி, டொப்.
"கேட்டீங்களா?"
கேட்டேன்.
பலாப்பழமாக இருந்தால்
அந்தச் சத்தத்துக்கே வாங்கியிருப்பேன்.

தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது.
"அந்தப் பக்கம் தொட்டில் இருக்கு" என்றாள் ஒருத்தி.
கோபமாகக்கூட இல்லை.
நாணயம் இன்னாசியின் விரலிடுக்கில் நின்றது.
எங்களுக்கு வெளிச்சுவர்.
அவளுக்கு அது
குழந்தையின் தலைமாடு.

மன்னிக்கச் சொன்னேன்.
பெயர் கேட்டேன், கமருன்னிசா.
பிறகு, வெட்கம் கெட்டுப்போய்,
"ஒழுகுமா?" என்றும் கேட்டேன்.
தணிகைவேலைப் பார்த்தாள்.
மஞ்சள் நின்ற இடத்தைப் பார்த்தாள்.
தன் வீட்டின் விலையும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது
என்பதை அவள் கணக்குப் போடுவது
கீழிருந்தே தெரிந்தது.
"ஐப்பசியில வாங்க" என்றாள்.
ஜன்னலைச் சாத்தினாள், சத்தமில்லாமல்.

நான் யாரைக் குறை சொல்ல?
போன புதன்கிழமை,
மடிப்பாக்கத்தில் காலிசெய்யப்போகும் வாடகை வீட்டில்
ஆணி ஓட்டை பதினேழையும்
டூத்பேஸ்டால் அடைத்தவள்.
அட்வான்ஸ் ஒன்று இருபது.
வெள்ளையில் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை.
புதினா வாசம் போகட்டும் என்று
ஃபேனைப் போட்டுவைத்தேன்.

"ஐப்பசியில் வருகிறேன்" என்றேன்.
"அதுக்குள்ள போயிடும் மேடம்" என்றார் தணிகைவேல்.
வீட்டைச் சொன்னாரா, பால்கனியைச் சொன்னாரா,
கேட்டுக்கொள்ளவில்லை.

தெருமுனையில் டீ குடித்தோம்.
இன்னாசி அந்தப் பத்து ரூபாயை நீட்ட,
கடைக்காரர் திருப்பித் தள்ளினார்.
இது ஓடாது, நோட்டாகக் கொடு.
நான் எடுத்துத்
தகர மேசையில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
கெட்டியாகத்தான் இருந்தது.