பதினோராம் இலக்கப் பருத்தி

வந்தாறுமூலை வலைக்கூடத்தில் மண் கிடையாது.
தொட்டித் தண்ணீர்மேல் ரெஜிபோம் பலகை,
துளைக்கொரு நாற்று,
சாயாமல் கழுத்தில் பஞ்சு.
பருத்தியைப் பஞ்சே பிடித்து நிறுத்துகிறதென்று
முதல் நாள் சிரித்தவள் ஜெஸீமா.

மருதமுனைத் தறிக்கு நூல் கப்பலில் வரும்.
எங்களுக்குப் பஞ்சென்றால் தலையணைக்குள் இலவம்.
பிறகேன் இதென்று கேட்கக்கூடாது.
விதுர்ஷிகாவின் பட்டத்துக்கு ஆறு வாரம்:
நாலு, பதினொன்று, பத்தொன்பது என்று மூன்று இனம்,
பன்னிரண்டு தொட்டி.
பாதிக்கு நைத்திரேற்று தாராளம்,
பாதிக்குக் கிள்ளிப் போட்டது.

நாலாம் இலக்கம் பெருந்தீனி.
இரண்டு நாளில் தொட்டியை வெறுந்தண்ணீராக்கி
வேரிலும் தண்டிலும் பதுக்கிக்கொள்ளும்,
இலை மட்டும் போன கிழமை அளவிலேயே.
பத்தொன்பது, ஊட்டினால் உண்ணும்;
ஊட்டாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும்.
பதினொன்று
தாராளத் தொட்டியிலும் கொஞ்சமாய்த்தான் எடுத்தது.
சவலை என்று பலகையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அந்தப் பங்குனியில் கரண்ட் பத்து மணித்தியாலம் இராது.
குமிழி நின்றால் வேருக்கு மூச்சு முட்டும்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
சைக்கிள் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.
தொட்டிக்கு நாற்பது குத்து,
ஜெஸீமா எண்ணினாள்,
முப்பத்திரண்டில் ஒருமுறை ஏமாற்றினாள்.
காவலாளி எட்டிப்பார்த்து
"எந்த ரியூப்பில ஓட்டை?" என்றார்.

சித்தாண்டியிலிருந்து தம்பி கோல் எடுத்தான்.
யூரியா மூட்டை மாட்டு விலை,
நாற்றுமேடை அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறுதாம்.
"அண்ணன், கம்பஸில ஏதும் கிடக்கா?"
கிடந்தது. அரைக் கிலோப் போத்தல்,
ஆய்வுக்கு மட்டும் என்று ஒட்டி.
வயலில் கரைத்தால் ஒரு வரம்போரம்
ஒரு நாளைக்குப் பச்சை பிடிக்கும்.
இல்லை என்றேன்.

ஆறாம் வாரம் பிடுங்கி, உலர்த்தி, அரைத்து
சல்பூரிக்கமிலத்தில் கொதிக்கவைத்தோம்.
பச்சைக் கரைசல் சிவக்கும்வரை
சொட்டு எண்ணுவது என் வேலை.
நாலு நீளமாய்ப் போனது.
பதினொன்று நாலிலே பாதிக்குச் சிவந்துவிட்டது.
விதுர்ஷிகாவின் முகம் செத்துப்போயிற்று,
"பிழைச்சுப்போச்சா?"
உலர்நிறைத் தாளைத் திருப்பினேன்.
பிழை இல்லை.
பாதி நைதரசனில் ஒன்றரை மடங்கு செடி.

அப்போதுதான் குப்பைத் தட்டைப் பார்த்தோம்:
பதினொன்றின் வித்திலைகள்,
முதலில் பழுத்து முதலில் விழுந்தவை,
உள்ளே இருந்ததெல்லாம் மேலிலைக்கு அனுப்பிவிட்டு
கடதாசியாய்க் கிடந்தன.
இதை யாருக்கும் உவமையாகச் சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் எல்லோரும் நாலாம் இலக்கம்தான்,
நான் உட்பட.

அன்று பின்னேரம் தொட்டி கழுவினோம்.
நாலின் தண்ணீரில் ஒன்றுமில்லை.
பதினொன்றின் தாராளத் தொட்டிகளில்
அது வேண்டாமென்று விட்டது முக்கால்வாசி அப்படியே.
இரண்டு கேன், சைக்கிள் கரியரில், றப்பர் பட்டியால் இறுக்கி.
தம்பி மூடியைத் திறந்து மணந்தான்.
"இதென்ன, தண்ணிதானே?"
ஊத்து என்றேன்,
மஞ்சள் கூடின மூலையில.

மறுநாள் பதிவேட்டில்
மிகுதிக் கரைசல் என்ற கட்டத்துக்கு நேரே
எழுதினேன்: ஊற்றப்பட்டது.
ஜெஸீமா வாசித்துவிட்டு
பேனையை மூடி என் சட்டைப்பையில் சொருகினாள்.