பதினேழாம் ஊற்று

பொன்னுப்பைக் கொதிக்கவைத்து சிட்ரேட்டைச் சொட்டினால்
பொன் மஞ்சளாயிருப்பதை மறந்துவிடுகிறது.
என் குப்பியில் அது
கீழ்த்தெரு மதுக்கடையின் தெரான் மதுவைப் போலச் சிவப்பு.
மோதிரம் தேய்ந்து விரலில் ஒட்டுமளவுகூட இல்லை.
ஆனாலும் கணக்கெழுதும் மிலோய்கா
மாதம் தவறாமல் கேட்கிறாள்:
"தங்கமெல்லாம் எங்கே போகிறது?"

கரித்தகட்டின் மேல், மிலோய்கா.
கோடித் துகள்கள் குந்தியிருக்கின்றன.
ஒவ்வொன்றின் தலையிலும்
கந்தகம் கவ்விப் பிடித்த இழைகள்,
இருபத்தோரு எழுத்து,
பாதி வாக்கியம்.
மீதியைச் சொல்லவேண்டியது
சுண்ணாம்பு மலைக்கடியில்
கண்ணில்லாமல், வெளிறி, ஒரு சாண் நீளத்தில்
ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கத் தெரிந்த ஓர் உயிர்.
இந்தப் பள்ளத்தாக்கில் அதை யாரும் பார்த்ததில்லை.
பார்க்கவும் வேண்டாம்,
உதிர்த்த தோலிலிருந்து
நீரில் கரைந்த ஒரு வரி போதும்.

உரைகல்லில் பொன்னைத் தேய்த்துப் பார்ப்பார்கள்.
இங்கே பொன்தான் உரைகல்,
தேய்ப்பது நீரை.

பன்றிப்பண்ணை கோராஸ்ட்
சனிக்கிழமை தானே ஊற்றுநீர் கொண்டுவந்தார்,
புளித்த முட்டைக்கோஸ் வாசம் போகாத ஜாடியில்.
"இல்லையென்று எழுதிக்கொடு."
இருந்தால் அவர் வயலில் சாணம் கொட்டத் தடை.
ஜாடியை ஓரமாய் வைத்துவிட்டு
நானே போனேன் பதினேழாம் ஊற்றுக்கு,
இரண்டடுக்குக் கையுறை,
பூட்சுக்குள் பனிநீர்.

முதல் அளவீட்டிலேயே
திரையில் கோடு எழும்பிக் குன்றானது.
யெர்னேயா என்னைக் கட்டிக்கொண்டாள்.
பிறகு, ஒரு முறைக்காக,
காய்ச்சி வடித்த வெறும் நீரை அளந்தேன்.
அதிலும் அதே குன்று.

குற்றவாளி என் பிப்பெட்.
போன வாரம் அதில்தான்
செயற்கை இழையை உறிஞ்சியிருந்தேன்.
மூன்று நாள் கழுவல். புதிய தகடு. புதிய சிவப்பு.
மிலோய்கா பெருமூச்சு விட்டாள்.

வெறும் நீர்: தட்டை.
பதினேழாம் ஊற்று: தட்டை.
மறுபடி. தட்டை.
மேசையைத் துடைக்கையில்
கோராஸ்டின் ஜாடி கைக்குத் தட்டுப்பட்டது.
வீணாக்குவானேன் என்று ஒரு சொட்டு விட்டேன்.

நீலச்சாயம் இரட்டையிழைக்குள் நுழைந்து
எலக்ட்ரானைக் கைமாற்ற
எழுந்தது பார்
மலை.
மூன்று தகட்டில் மூன்று தடவை.

தொலைபேசியில் கேட்டேன்,
எந்த ஊற்றில் மொண்டீர்கள்?
வெகுநேரம் பேச்சில்லை.
பின்னால் பன்றிகள் உறுமின.
"ஊற்றுக்குப் போகவில்லை.
அங்கே இருந்துவிட்டால் என்று...
என் கிணற்றில்தான் எடுத்தேன். நாங்கள் குடிக்கிற கிணறு."

மறுபடி உறுமல்.
ஒரு கதவு சாத்தும் ஓசை.
பிறகு, தாழ்ந்த குரலில்,
"அது என்ன தின்னும்?"