வெண்டல், சத்தத்தைக் குறை

வாக்குப்பதிவு முடிந்து ஒரு நிமிடம் ஆகவில்லை,
நெப்ராஸ்கா சிவந்துவிட்டது திரையில்,
ஒமாகாவைச் சுற்றி ஒரு துண்டு மட்டும் காத்திருக்கிறது.
நான் இன்னும் பூட்ஸ்கூடக் கழற்றவில்லை.
லூத்தரன் தேவாலய நிலவறையில்
மடக்கு மேசைமேல் குனிந்து
நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பிய வட்டங்களை
யாரும் இன்னும் எண்ணவே இல்லை.

உலகமெங்கும் சிவப்பு கூலிக்காரன் கொடி.
இங்கே எங்களுடையது.

"உன் ஆட்கள் ஜெயிச்சாச்சு" என்கிறான் வெண்டல்.
உன் ஆட்கள்.
பத்தொன்பது வருடமாய் ஒரே குளியலறை எங்களுக்கு.
"நாம்" என்பது எரிவாயு பில்லில் மட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல.
டயர் கடையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள்,
அவர்களுக்காக நான் நிரப்பும் படிவங்கள் ஐந்து,
ஐந்திலும் ஒரே கேள்வி.
அரசாங்கம் தபால்பெட்டி வரை வரட்டும்.
கல்லாவுக்குள் கை வேண்டாம்,
படுக்கையறைக்குள் கண் வேண்டாம்.
இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற வேட்பாளனை
அறுபத்தொரு வயதுவரை நான் பார்த்ததில்லை.

போன மாதம் கருத்துக்கணிப்பு இயந்திரம் அழைத்தது.
திருமணமானவரா? ஒன்றை அழுத்தினேன்.
வாரந்தோறும் தேவாலயம் போகிறவரா? ஒன்று.
துப்பாக்கி உண்டா? ஒன்று.
உங்கள் மனைவியும் கருத்துச் சொல்ல விரும்பினால்
இரண்டை அழுத்தவும்.
"அழுத்து, பேசுறேன்" என்றான் வெண்டல்
உருளைக்கிழங்கு உரித்தபடி.

தொலைக்காட்சியில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டே வேலை.
அவன் பார்க்கும் சேனலில்
கதாநாயகிக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுக்கும் தோழன்;
அவளுக்குக் கல்யாணம் ஆன வாரம் காணாமல் போய்விடுவான்.
நான் பார்க்கும் சேனலில்
நாடு கெட்ட கதைக்குப் பின்னால் ஓடும் ஊர்வலம்.
வருடம் முழுக்க அதே பதினோரு விநாடி,
அதே ஸ்கேட்டிங்காரன், அதே வெள்ளி இறக்கை.
எனக்கு ஸ்கேட்டிங் வராது.
எங்கள் வீட்டுத் திரைச்சீலை
பேரங்காடி திவாலானபோது எழுபது சதவீதத் தள்ளுபடியில் வந்தது.
நீளம் போதாது.

நடுவில் விளம்பரம்.
"குடும்பத்தைக் காப்போம்" என்று இறங்குகிறார் ராயல் ஹன்சிக்கர்
தன் டிரக்கிலிருந்து.
நான்கு டயரும் நான் மாட்டியவை.
முன் இடதில் ஒரு ஒட்டு.
குடும்பம் எது என்று அவர் விளக்கும்போது
நான் டயரைத்தான் பார்த்தேன்.
காற்று சரியாக இருந்தது.

அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.
சொத்து வரிக்காக. வேறெதற்கும் இல்லை.
இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

டென்வரில் வெண்டலின் நண்பர்கள் வீட்டு விருந்தில்
முள்கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி
ஒருத்தி கேட்டாள்: "எப்படி உங்களால முடியுது?"
எண்பத்தெட்டில் என் அண்ணன் ஆரின்
வேறொரு விஷயத்துக்காகக் கேட்ட அதே கேள்வி.
கரண்டி நின்ற உயரமும் அதே.
அன்று நான் மேசையைவிட்டு எழுந்து போனேன்.
டென்வரில் எழவில்லை.
இனிப்பு வரும்வரை உட்கார்ந்திருந்தேன்,
கோழி நன்றாக இருக்கிறது என்றேன்.

மணி பதினொன்று.
ஒலியை நிறுத்திவிட்டேன்.
வரைபடத்தின்முன் ஒருவர் வாயை மட்டும் அசைக்கிறார்,
விரலால் ஒரு மாவட்டத்தைப் பெரிதாக்கி
மீண்டும் சிறிதாக்குகிறார்.
வெண்டலின் குறட்டை
அவர் வாய்க்கு ஏறக்குறையப் பொருந்துகிறது.

திரையின் அடியில் எங்கள் ஊர் ஊர்ந்து வருகிறது:
பள்ளிக்கூடக் கூரைக்கான கடன் பத்திரம்,
பதினான்கு ஓட்டில் தோல்வி.
வரி கூடும் என்று தெரிந்தும்
நான் "ஆம்" போட்ட ஒரே வட்டம் அது.
மழைநாளில் அந்த வகுப்பறைகளில் வாளி வைப்பவன் வெண்டல்.

தோளைத் தொட்டு எழுப்பினேன்.
"நாம தோத்துட்டோம்."

கண் திறக்காமலே கேட்டான்:
"எதுல?"