பவளம்

வாழைச்சேனைப் பதிவாளர் கந்தோரில்
பிறப்புக்கும் இறப்புக்கும் விவாகத்துக்கும்
ஒரே மேசை, ஒரே காற்றாடி.
எங்களுக்கு முன்னால் ஒருவர்
தகப்பனின் சாவைப் பதிந்துகொண்டிருந்தார்.
எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னதும்
மூக்குக்கண்ணாடி வீட்டில் என்று அழுதார்.

பிறகு நாங்கள்.
பால்: ஆண்.
பெயர்: பவளம்.

பதிவாளர் பேனையை மூடினார்.
"என்னகா இது, பொம்பிளைப் பேரெல்லோ?"
கொஞ்சம் யோசித்து, இரக்கத்தோடு:
"ஒரு ராசாவைச் சேர்த்துவிடுவமா?
பவளராசா. ஒரு பிரச்சினையும் வராது."

மேசைப் பலகையில் அவர் பெயர்:
க. பேரின்பம்.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணிக்கம் என்றால் வேட்டி கட்டும்,
பவளம் என்றால் சீலை உடுக்கும்.
இரத்தினம் கடைக்கணக்குப் பார்க்க
கனகம் அரிசி களையும்.
யார் பிரித்தது?
நகைக்கடையில் எல்லாம்
ஒரே சிவப்புத் துணியில் கிடக்கின்றன.
சொல்லி முடித்தால்
எல்லாவற்றுக்கும் உதடு ஒட்டுகிறது.

கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம்
கொடுத்துவைத்திருந்தார் கோகுலதீபன்.
மச்சாளுக்கு, அம்மனுக்கு வைத்த நேத்தி.
படகுக்காரப் பெடியன்களுக்கு, எண்சாத்திரம்.
குடியின் மானம் போகுது என்று வந்த என் மாமாவுக்கு
அவர் வாய் திறக்கவில்லை, நான் திறந்தேன்:
குடி என் வயிற்றுவாரில் வருகிறது மாமா,
வளவும் வீடும் பெட்டைக்கென்று எழுதுறம்,
ஒரு பேர் மட்டும் அந்த வழியால் வந்தால்
எந்தக் கூரை விழும்?
மாமா தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

உண்மைக் காரணம் மிகச் சின்னது.
ஐந்தாம் மாதம், பாசிக்குடாவில்,
உல்லாசப் பயணிகள் வராத ஒரு பின்னேரம்
தன் கண்ணாடி அடிப் படகில் என்னை ஏற்றினார்.
கீழே எலும்பு எலும்பாய் வெளுத்த பாறை.
ஆட்களுக்குக் காட்டவென்று
அவர் மனப்பாடம் செய்த இடங்களில்
அரைவாசி இப்போது இல்லை.
இயந்திரத்தை நிறுத்தி, இஞ்சால பார் என்றார்.
ஒரு கைப்பிடி.
கருஞ்சிவப்பு.
உயிரோடு.
பவளம், என்றேன்.
உள்ளே ஏதோ திரும்பியது.
வாயுவாக்கும் என்று
இன்னொரு தரம் சொன்னேன்.
உதைத்தது.

அதன்பிறகு நாலு மாதம்
அந்தப் பேரில்தான் கூப்பிட்டோம்.
ஸ்கேனில் காலை மடக்கிக்கொண்டு
ஒன்றும் காட்டாமல் கிடந்தது.
ஆம்பிளைப் பிள்ளை என்று மருத்துவிச்சி சொன்ன அந்த விடியலில்
பவளம், என்றார் இவர், பழக்கதோசத்தில்.
அழுகை நின்றது.
கூப்பிட்டால் திரும்புகிற ஒருவரிடமிருந்து
பேரை எப்படிப் பிடுங்குவது?

"அப்படியே எழுதுங்க ஐயா."
பேரின்பம் எழுதினார்.
நல்ல உருண்டைக் கையெழுத்து.

பொய் சொல்லக்கூடாது, பயமும் இருக்கிறது.
வருகிற தையில் ஆண்டு ஒன்று.
இடாப்புக் கூப்பிடும்போது பின்வாங்கில் எழும் சிரிப்பு
இப்போதே என் காதில் கேட்கிறது.
ஒரு இரவு தண்ணீர்க் கட்டணத் துண்டின் பின்பக்கம்
பவளராசா என்று எழுதிப் பார்த்தேன்.
முடி வைத்த வேறொருத்தி பிள்ளை.
அடுப்பில் போட்டேன்.
அடுத்த மாதம் இரண்டு பில் சேர்த்து வந்தது.

நிறை பார்க்கும் கிளினிக்கில்
பட்டியலை வாசித்து, தலை நிமிராமல்
"பவளம் வந்திட்டாளா?" என்கிறா புது மிஸ்.
பேர் தனியாக நிற்கும்வரை ஒன்றுமில்லை.
வசனத்தின் வாலில்தான் இருக்கிறது வில்லங்கம்.
ஆனா ஆளா என்று
அங்கேதான் ஆளைப் பிடிக்கிறார்கள்.

அவன் இன்னும்
நான் என்று சொல்லப் பழகவில்லை.
இப்போது படலையில் நிற்கிறான்,
முழங்கால் வரைக்கும் கல்குடா மணல்,
கையில் செத்த நண்டு.

"பவளத்துக்குப் பசிக்குது."

நண்டைப் போட்டிட்டு
கையைக் கழுவிக்கொண்டு வா.