ஐஸ் கம்பெனியின் பின்பக்கம்

குளிர் என்று ஒரு பொருளே கிடையாது.
குளச்சல் ஐஸ் கம்பெனியில்
ஒன்பது வருசமாய் கம்ப்ரசர் ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் கிடக்கும் சூட்டைப் பிடுங்கிப்
பின்பக்கம் கொட்டுகிறோம்,
அவ்வளவுதான்.

அதற்கும் கூலி உண்டு.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று
இறக்கையைத் தள்ளும்.
தள்ளியது சுழலும், சுழன்றது கரண்டாகும்.
வழியெல்லாம் கம்பியைக் கொஞ்சம் சுட்டுவிட்டு
என் மோட்டாருக்குள் வந்து
மறுபடியும் சுழலும்.

முன்பக்கம் கட்டிகள் வழுக்கி இறங்கும்.
நொறுக்கி வள்ளத்தில் ஏற்றுவார்கள்.
சாளைக்கும் நெத்திலிக்கும் நடுவே கிடந்து
விட்ட சூட்டையெல்லாம் திரும்பக் குடித்து
தண்ணீராகும்.

பின்பக்கம் யாரும் வருவதில்லை,
ஜெனிட்டா தவிர.
ஆனிச் சாரலில் காயாத யூனிபார்மை
சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் விரித்துவிட்டு
"அண்ணே, ஏழரைக்கு எடுத்துக்கிடுதேன்" என்பாள்.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது.
எட்டாம் வகுப்பில் எழுதி
இரண்டு மார்க் வாங்கினேன்.
வீணாய்ப் போவது எங்கே போகிறது என்று
வினாத்தாளில் இல்லை.

மூன்றாம் வகுப்புக்குப் போகிறது,
பொத்தான் மாற்றிப் போட்டு,
காலர் மட்டும் இன்னும் ஈரமாய்.